நார்ன்களின் அரசி கார்னில்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோர் காமிக்ஸ் படிக்கிறவர்களுக்கு நடுவில் கார்னில்லாவைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் சண்டையில்தான் முடியும். “அவள் புராணத்திலேயே இருக்கிறாள்” என்று ஒருவர் சொல்வார், “எல்லாம் அமெரிக்கக் கற்பனை” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை உண்டு. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கார்னில்லா யார்? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

மார்வெல் காமிக்ஸில் நார்ன்ஹைம் என்ற நாட்டை ஆளும் மந்திரக்காரி அரசி. ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் உருவாக்கிய பாத்திரம். 1964 ஆகஸ்ட் தேதியிட்ட ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 107ஆம் இதழில் முதன்முதலாக வருகிறாள். அதுவும் முதன்மைக் கதையில் இல்லை. இதழின் பின்பக்கங்களில் வந்துகொண்டிருந்த ‘டேல்ஸ் ஆஃப் அஸ்கார்ட்’ என்ற சிறு தொடரில். தேவர்களின் அரசன் ஓடினுக்கு அடங்கியவள் என்பது பெயருக்குத்தான், மனதுக்குள் யாருக்கும் அடங்காதவள். மந்திரத்தில், தேவர்கள் வாழும் அஸ்கார்டிலேயே அவளுக்கு நிகர் மிகச் சிலர். அவளுக்கு இருக்கும் ஒரே பலவீனம் பால்டர். ஒளியின் தேவன், தோரின் தோழன்.

நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்தில் கார்னில்லா என்று ஒருத்தி இருக்கிறாளா?

இல்லை. பெயரும் இல்லை, அரசியும் இல்லை, நார்ன்ஹைம் என்ற நாடும் இல்லை. ஆனால் விதியை நிர்ணயிக்கும் பெண்களான நார்ன்கள் இருக்கிறார்கள்.

நமக்குக் கிடைக்கும் மூலங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் உரைநடையில் எழுதிய எட்டா என்ற புராண நூல். இன்னொன்று, கோடெக்ஸ் ரெஜியஸ் என்ற தோல் சுவடியில் இருக்கும் பழம்பாடல்கள். அந்தச் சுவடி 1270களில் எழுதப்பட்டது. இன்று 45 ஏடுகள்தான் மிச்சம். நெடுங்காலம் கோபன்ஹேகனில் இருந்துவிட்டு 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. அதன் முதல் பாடலான வோலுஸ்பாவில் மூன்று பெண்கள் வருகிறார்கள்: உர்த், வெர்தான்டி, ஸ்குல்ட். உலகமரமான யிக்த்ரசிலின் அடியிலிருந்து வந்து மனிதக் குழந்தைகளுக்கு ஆயுளை நிர்ணயிக்கிறார்கள்.

ஸ்னோரி சொல்லும் காட்சி எனக்கு இன்னும் பிடிக்கும். மரத்தடியில் ஒரு கிணறு. நார்ன்கள் தினமும் அதிலிருந்து தண்ணீரை மொண்டு, கரையிலிருக்கும் சேற்றையும் சேர்த்து, கிளைகள் உளுத்துப் போகாமல் இருக்க மரத்தின் மேல் தெளிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எவ்வளவு புனிதமானது என்றால், அதில் விழும் எதுவும் முட்டை ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைப் போல வெளுத்துவிடுமாம். கிணற்றில் இரண்டு அன்னங்கள் வேறு. உலகத்தின் விதியைக் கையில் வைத்திருப்பவர்கள் தினசரி செய்கிற வேலை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது! இதில் சிம்மாசனத்துக்கோ கோட்டைக்கோ இடமே இல்லை. அதையெல்லாம் கொண்டுவந்தது காமிக்ஸ்தான்.

நார்ன் என்றால் தலையெழுத்தை எழுதுகிறவளா, நெய்கிறவளா?

நெய்கிறவள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிரேக்க விதி தேவதைகளின் நூல் நம் மண்டைக்குள் ஏற்கனவே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஆனால் வோலுஸ்பா சொல்வது, அவர்கள் மரச்சீவல்களில் செதுக்கினார்கள் என்று. அதாவது எழுத்து! ‘தலையெழுத்து’ என்று பேசிப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும். ‘விதியின் நூல்’ என்று பேசுகிறவர்களுக்குத்தான் விளக்கம் தேவைப்படும்.

நூல் அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஹெல்கி என்ற வீரன் பிறந்த இரவில் நார்ன்கள் வந்து விதியின் பொன்னிழைகளை முறுக்கி, நிலா மண்டபத்தின் நடுவில் கட்டினார்கள் என்று ஒரு பாடல் இருக்கிறது. முறுக்குகிறார்கள், கட்டுகிறார்கள், தறி கிடையாது.

தறி வருவது இன்னொரு இடத்தில். கேட்டால் சோறு இறங்காது. 1014இல் அயர்லாந்தில் நடந்த க்ளான்டார்ஃப் போர் அன்று, ஸ்காட்லாந்தின் கேத்னஸில் ஒருவன் ஒரு குடிசையின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறான். பெண்கள் தறி பூட்டி நெய்துகொண்டிருக்கிறார்கள். பாவாக மனிதக் குடல், தறியின் எடைக்கற்களாக வெட்டிய தலைகள், பாவை அடிக்கும் கோலாக வாள், நாடாவாக அம்பு. ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளான சாகாக்களில் ஒன்றான நியாலின் சாகாவில் வருகிறது இது. ஆனால் இவர்கள் நார்ன்கள் இல்லை, போர்க்களத்தில் யார் சாக வேண்டும் என்று பொறுக்கும் வால்கிரிகள். காமிக்ஸ் இந்த இரண்டு கூட்டத்தையும் அடிக்கடி கலந்துவிடுகிறது. சில சமயம் சாகாக்களே கலக்கின்றன, அதனால் காமிக்ஸைத் திட்டிப் பயனில்லை.

நார்ன்கள் மூன்று பேர் மட்டும்தானா? அப்படியானால் ‘நார்ன்களின் அரசி’ யாருக்கு அரசி?

மூன்று பேர் என்பது பிரபலமான கணக்கு. வேறு நார்ன்களும் உண்டு என்று ஸ்னோரியே சொல்கிறார். தேவர் குலத்தில் சிலர், எல்ஃப் குலத்தில் சிலர், குள்ளர் குலத்தில் சிலர். ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் வருகிறார்கள். நல்ல குலத்து நார்ன் வந்தால் நல்ல வாழ்வு, கெட்டவள் வந்தால் அவ்வளவுதான். ஆகவே ஒரு நார்ன் கூட்டத்துக்குத் தலைவி இருந்தால் எப்படி இருக்கும் என்று லீயும் கர்பியும் யோசித்தது அப்படி ஒன்றும் அடாவடி இல்லை.

கெட்ட நார்ன் என்றால் நார்னகெஸ்ட் கதையைச் சொல்லாமல் விட முடியாது. டென்மார்க்கில் ஒரு வீட்டில் தொட்டிலில் குழந்தை. குறி சொல்லும் பெண்கள் மூவர் அழைக்கப்பட்டு வருகிறார்கள். பக்கத்தில் மெழுகுவத்தி எரிகிறது. முதல் இருவரும் குழந்தைக்கு அமோகமான எதிர்காலம் சொல்லிக்கொண்டே போகிறார்கள். கூட்டம் நெரித்ததில் இளையவள் இருக்கையிலிருந்து கீழே விழுந்துவிடுகிறாள். வந்தது கோபம்: “இந்த மெழுகுவத்தி எரிந்து முடியும் வரைதான் இவனுக்கு ஆயுள்!” மூத்தவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து போய் மெழுகுவத்தியை அணைத்து, தாயின் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்றாள். அவன் 300 வருஷம் வாழ்ந்தான், வத்தியைத் தன் யாழின் சட்டத்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு. கடைசியில் நார்வே மன்னன் ஓலாஃப் டிரைக்வசன் அவையில் ஞானஸ்நானம் வாங்கி, மெழுகுவத்தியைத் தானே ஏற்றி வைத்துவிட்டுப் படுத்தான். அது எரிந்து முடிந்தபோது அவனும் முடிந்தான்.

விதியை யாரும் மாற்றவில்லை, கவனியுங்கள். சொன்ன வாக்கு அப்படியே பலித்தது. ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தார்கள், அவ்வளவுதான். கார்னில்லா கதைகளை எழுதியவர்கள் இந்த நுணுக்கத்தை இன்னும் கொஞ்சம் திருடியிருக்கலாம்.

பால்டர் கதைக்குள் அவள் எப்படி நுழைந்தாள்?

புராணத்தில் கதை இப்படி. பால்டருக்குத் தான் சாகப்போவதாகக் கனவு வருகிறது. தாய் ஃப்ரிக் உலகத்திலுள்ள எல்லாவற்றிடமும் ‘என் மகனைத் தீண்டமாட்டேன்’ என்று சத்தியம் வாங்குகிறாள். நெருப்பு, தண்ணீர், இரும்பு, கல், நோய், விஷம், பாம்பு, எல்லாவற்றிடமும். புல்லுருவியிடம் மட்டும் வாங்கவில்லை. சத்தியம் செய்கிற வயது அதற்கு வரவில்லை என்று விட்டுவிட்டாள். தந்திரக்காரன் லோகி பெண் வேஷத்தில் வந்து பேச்சுக் கொடுத்து, அவள் வாயிலிருந்தே இந்த ரகசியத்தைப் பிடுங்குகிறான். கண் தெரியாத தேவன் ஹோட் கையில் புல்லுருவிக் கொம்பைக் கொடுத்து எறியச் சொல்கிறான். பால்டர் செத்து விழுகிறான். (வேம்பிலும் மாவிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அதே புல்லுருவிக் கூட்டம்தான். கூடவே இருந்து கெடுப்பவனைத் தமிழிலும் ‘புல்லுருவி’ என்றுதானே திட்டுகிறோம்.)

107ஆம் இதழில் பால்டரை ஒழிக்க வழி தேடும் லோகி வந்து நிற்கும் இடம் ஃப்ரிக்கின் வீடு அல்ல, நார்ன் அரசியின் சபை. ரகசியம் தாயிடமிருந்து மந்திரக்காரிக்குக் கைமாறிவிட்டது. சின்ன மாற்றம் மாதிரித்தான் தெரியும். புராணத்தில் பால்டரைக் கொன்றது ஒரு தாயின் அசட்டை, அவள் வாய் தவறியது. காமிக்ஸில் அந்த இடத்தில், எல்லாம் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்தே சொல்வதா, மறைப்பதா என்பது இனி அவள் முடிவு. ஒரு பாத்திரம் பிறப்பதற்கு அது போதும்.

புராணத்து மரணத்தை மார்வெல் நேராகவே செய்து பார்த்தது 1978இல், ‘தோர்’ 274ஆம் இதழில். ராய் தாமஸ் எழுத்து, ஜான் புசேமா படம். ஹோட் கையில் வில், அதில் புல்லுருவி அம்பு, பின்னாலிருந்து குறி பார்த்துக் கொடுப்பவன் லோகி.

அவள் வில்லியா, காதலியா?

எனக்குக் கார்னில்லா பிடித்துப்போன காரணமே இந்தக் கேள்விதான்.

நார்ன்களுக்கு ஆசை கிடையாது. ஹெல்கியைப் பற்றியோ பால்டரைப் பற்றியோ அவர்களுக்கு எந்த எண்ணமும் இல்லை, செதுக்குகிறார்கள், போகிறார்கள். தேவர்கள்கூட அவர்களிடம் கெஞ்ச முடியாது. உலக முடிவுப் போரான ரக்னரோக்கில் ஓநாயின் வாயில் தான் சாகப்போவது ஓடினுக்கே தெரியும், ஒன்றும் செய்ய முடியாது. நார்ஸ் புராணத்தின் குளிர் அங்கிருந்துதான் வருகிறது.

காமிக்ஸ் அந்த ஆசையற்ற கூட்டத்தைப் பிழிந்து ஒரே பெண்ணாக்கி, அவளுக்கு ஒரு ஆசையையும் கொடுத்துவிட்டது. விதியோடு உறவுள்ளவள், ஒருவனை விரும்புகிறாள். அவனோ திரும்பிப் பார்ப்பதில்லை, அல்லது பார்த்தும் ஓடினுக்கான கடமை என்று விலகுகிறான். மிரட்டுகிறாள், சிறை வைக்கிறாள், மாயம் காட்டுகிறாள், அடுத்த இதழிலேயே அவன் உயிரைக் காப்பாற்ற ஓடி வருகிறாள். அறுபதுகளின் கதைகளில் இது கொஞ்சம் சலிப்பாகவே இருக்கும்; பொறாமைக்கார ராணி என்ற பழைய அச்சு. ஆனால் அடியில் இருக்கும் எண்ணம் அசலானது: எல்லாரையும் கட்டிப்போடும் விதிக்கே ஒரு கட்டு. புராணத்தில் இது எங்கேயும் இல்லை. கார்னில்லாவைக் ‘கலப்படம்’ என்று ஒதுக்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இதைச் சரியாகப் பிடித்தவர் காமிக்ஸ் கலைஞர் வால்டர் சைமன்சன். 1983இல் 337ஆம் இதழில் தோரைக் கையில் எடுத்தார். அவருடைய பால்டர், இறந்து, செத்தவர்களின் உலகமான ஹெல்லுக்குப் போய்த் திரும்பியவன். அங்கே, தான் கொன்றவர்களையெல்லாம் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டு வந்தவன். வாளைத் தொடமாட்டேன் என்கிறான். தலை நரைத்து, உடம்பு பெருத்து, தின்றுகொண்டே உட்கார்ந்திருக்கிறான். ‘வீரன் பால்டர்’ என்ற பட்டப்பெயரே கேலியாகிவிட்ட ஆள். 344ஆம் இதழ் முழுக்க அவன் கதைதான். அந்த உடைந்த மனிதனையும் கார்னில்லா விரும்புகிறாள் என்பதால், இருபது வருடக் கதையில் முதன்முறையாக அவள் காதலை நாம் நம்புகிறோம். பிறகு 1985இல் தொடங்கிய ‘பால்டர் தி பிரேவ்’ என்ற நான்கு இதழ்த் தொடரில் உறைபனி அரக்கர்கள் அவளைச் சிறைபிடிக்க, மீட்கப் போவது அவன். சைமன்சன் எழுத்து, சால் புசேமா படம்.

நார்ன் கற்கள் என்பது என்ன?

சக்தியைக் கூட்டிக் கொடுக்கும் மந்திரக் கற்கள். புராணத்தில் கிடையாது. 1965இல் தோருக்கும் லோகிக்கும் நடக்கும் தேவப்பரீட்சையில் லோகி இந்தக் கற்களை மறைத்து வைத்துத் தில்லுமுல்லு செய்கிறான். அதை நிரூபிக்கக் கல்லைத் தேடிக் கிளம்பும் தோர், ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 117ஆம் இதழில் வந்து இறங்குவது எங்கே? வியட்நாம் போர்க்களத்தில்! அமெரிக்கத் தரைப்படை அங்கே போய் இறங்கிய அதே வருடம். நார்ஸ் தேவனைப் பனிப்போர் அரசியலில் இழுத்துவிட்ட அந்தக் கதையை இன்று படித்தால் நெளியத்தான் வேண்டியிருக்கிறது. பின்னால் 2010இல் ‘சீஜ்’ கதையிலும் இதே கற்கள் லோகி கையில் ஒரு பெரிய திருப்பத்துக்குக் காரணமாகின்றன.

அவள் செய்யும் மந்திரம் நிஜமான நார்ஸ் மந்திரமா?

கையிலிருந்து ஒளி பாய்வது, எதிரியைப் பல்லியாக்குவது போன்ற ரகமெல்லாம் காமிக்ஸ் சரக்கு. நார்ஸ்காரர்களின் மந்திரத்துக்கு ‘செய்த்’ என்று பெயர். தேவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் ஃப்ரெயா என்ற தேவி. ஓடினும் செய்தான், ஆனால் ஆணுக்கு அது இழுக்கு. ஒரு விருந்தில் லோகி அதைச் சொல்லியே ஓடினின் மானத்தை வாங்குகிறான். செய்த் பெண்களின் கலை. செய்கிறவள் பெயர் வோல்வா, ‘கோல் ஏந்தியவள்’ என்று பொருள்.

அப்படி ஒருத்தியை உச்சி முதல் பாதம் வரை வர்ணிக்கும் பகுதி சிவப்பு எரிக்கின் சாகாவில் இருக்கிறது. கிரீன்லாந்தில் பஞ்ச காலம். வேட்டைக்கும் மீனுக்கும் போனவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள். இந்தக் கஷ்டம் எப்போது தீரும் என்று கேட்க தோர்பியார்க் என்ற வோல்வாவை வரவழைக்கிறார்கள். நீல அங்கி, விளிம்பு வரை கற்கள் பதித்தது. கழுத்தில் கண்ணாடி மணிகள். தலையில் கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் குல்லா, உள்ளே வெள்ளைப் பூனைத்தோல். கையுறையும் பூனைத்தோல்தான், மயிர் உட்பக்கம். கையில் பித்தளைக் குமிழ் வைத்த கோல். உட்காரக் கோழி இறகு அடைத்த மெத்தை. சாப்பிட ஆட்டுப்பால் கஞ்சியும், அங்கே கிடைத்த எல்லா மிருகங்களின் இதயமும். தந்தப் பிடி போட்ட கத்தி, அதுவும் முனை ஒடிந்தது!

அந்த முனை ஒடிந்த கத்தியை எந்தக் கற்பனைக் கதைக்காரனும் யோசித்திருக்க மாட்டான். சடங்குக்குத் தேவையான பாட்டு அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அவளோ கிறிஸ்தவப் பெண். தயங்கித் தயங்கிப் பாடுகிறாள். அவ்வளவு இனிமையாக யாரும் பாடிக் கேட்டதில்லையாம். கர்பியின் அஸ்கார்ட் உடைகளைப் பார்த்து ‘ஓவர்’ என்று சிரிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

மண்ணுக்குள்ளிருந்தும் சான்று கிடைத்திருக்கிறது. டென்மார்க்கின் ஃபிர்காட்டில் ஒரு பெண்ணின் கல்லறையில் உலோகக் கோலும், போதை தரும் ஒரு விஷச்செடியின் விதைகளும் இருந்தன.

சாகாக்களில் நிஜமாகவே சூனியக்கார அரசி உண்டா?

உண்டு, கார்னில்லாவுக்கு அக்கா என்றே சொல்லலாம். பெயர் குன்ஹில்ட். பத்தாம் நூற்றாண்டு, ‘ரத்தக்கோடரி’ எரிக் மன்னனின் மனைவி, மன்னர்களின் தாய். வடக்கே ஃபின்மார்க்கில் ‘சாமி’ என்ற வடபுலப் பழங்குடியைச் சேர்ந்த இரண்டு மந்திரவாதிகளிடம் வித்தை கற்றவள் என்கிறது ஸ்னோரியின் அரசர் வரலாறு. அவளுடைய பரம வைரி கவிஞன் எகில். கப்பல் உடைந்து கரையொதுங்கி, யார்க் நகரில் எரிக்கிடமே மாட்டிக்கொள்கிறான். விடிவதற்குள் மன்னனைப் புகழ்ந்து நீண்ட கவிதை பாடினால்தான் தலை தப்பும். எழுத உட்கார்ந்தால் ஜன்னலில் ஒரு தகைவிலான் குருவி ராத்திரி முழுக்கக் கீச்சிட்டு ஒரு வரி ஓடவிடாமல் செய்கிறது. நண்பன் அரின்பியார்ன் போய் ஜன்னலருகே காவல் உட்கார்ந்த பிறகுதான் கவிதை முடிகிறது. உருமாறி வந்த யாரோ அங்கிருந்து விலகிப் போனதை அவன் பார்த்தானாம். அது யார் என்று சாகா சொல்லவில்லை. கேட்டவர்கள் யாருக்கும் சொல்லவும் தேவைப்பட்டிருக்காது.

ஹெலா, அமோரா, கார்னில்லா மூவரையும் குழப்பிக்கொள்கிறேனே?

ஹெலா செத்தவர்களின் அரசி. அமோரா மயக்குக்காரி, ‘என்சான்ட்ரஸ்’ என்பது அவள்தான். கார்னில்லாவிடம் மந்திரம் படித்த பழைய மாணவி. மூன்று பேரும் 1964இல் சில மாத இடைவெளியில் வந்தவர்கள், அதனால் குழப்பம் இயல்பு. ஹெலாவுக்கு மட்டும்தான் நேரடிப் புராண வேர்.

தோர் படங்களில் வருகிறாளா?

நான்கு தனிப்படங்களிலும் இல்லை. பால்டரும் இல்லை. அவன் இல்லாமல் அவளைக் கொண்டுவந்து என்ன செய்ய?

தமிழில் படிக்கக் கிடைக்குமா?

கார்னில்லா கதைகள் எதையும் நான் தமிழில் படித்ததில்லை. ஆனால் அவளுக்கு ஒரு ஐரோப்பிய ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள். சிவகாசியிலிருந்து வரும் லயன்–முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த ‘தோர்கல்’ தொடரின் ஸ்லீவ். பெல்ஜியத்தின் வான் ஹாம் எழுத்தும் போலந்தின் ரோசின்ஸ்கி சித்திரமுமாக 1977இல் தொடங்கிய தொடர் அது. முதல் கதையிலேயே, கடல் பொங்கி மூழ்கட்டும் என்று பாறையில் கட்டிப்போடப்பட்ட தோர்கலை ஒற்றைக்கண் செந்தலைப் பெண் ஒருத்தி வந்து விடுவிக்கிறாள். பக்கத்தில் ஓநாய். விலை: ஒரு வருடம் அவள் சொன்னதைச் செய்ய வேண்டும். பழிவாங்கக் காத்திருக்கும் ஸ்லீவ் காதலுக்காக உருகுகிறவள் அல்ல. அவள் ‘மந்திரம்’ எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் படிக்கிறவர்கள் சாபம் விடுவார்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

கார்னில்லாவை எங்கிருந்து தொடங்க?

107ஆம் இதழின் அந்தச் சில பக்கங்களை முதலில் பாருங்கள். அறுபது, எழுபதுகளை வேகமாகப் புரட்டலாம், தப்பில்லை. நேராகச் சைமன்சனின் 337க்குத் தாவி, 344இல் கொஞ்சம் நின்று, ‘பால்டர் தி பிரேவ்’ வரை போங்கள். கையோடு ஸ்னோரியின் எட்டாவில் பால்டர் சாகும் பகுதியையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதில் பால்டருக்காக நெஞ்சு வெடித்துச் சாகும் மனைவி நன்னா வருவாள். கணவனின் சிதைக் கப்பலிலேயே அவளையும் வைத்து எரிப்பார்கள். அதைப் படித்துவிட்டு கார்னில்லாவிடம் திரும்பினால், அவள் ஏன் அத்தனை பிடிவாதக்காரியாக இருக்கிறாள் என்பது வேறு மாதிரித் தெரியும்.